டிராக்டர் விவசாயிக்கு, சாவி கம்பெனிக்கா?

மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி உழவு மாடு கைமாறினால், விற்றவர் தமது பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்கியவர் புதுக் கயிறு போட்டு ஓட்டிச் செல்வார். அந்த நேரம் முதல் மாடு அவருடையது. என்ன தீனி போடுவது, யாரிடம் லாடம் அடிப்பது, காய்ச்சல் கண்டால் எந்த வைத்தியரிடம் காட்டுவது என்பதெல்லாம் அவர் விருப்பம். விற்றவர் பின்னாலேயே வந்து, "நான் சொல்லும் வைத்தியரைத் தவிர வேறு யாரும் இந்த மாட்டைத் தொடக்கூடாது" என்றால் ஊரே சிரிக்கும்.

ஆனால் மாட்டுக்குப் பதிலாக டிராக்டர் என்று வைத்துப் பார்த்தால் இது சிரிக்கும் விஷயம் அல்ல. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்து வருவது இதுதான். அங்கே லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய இயந்திரத்தைத் தாமே பழுது பார்க்கும் உரிமைக்காக விவசாயிகள் சட்டசபைக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் தொழிலில் பிறந்த ஒரு கெட்ட வழக்கம் வயலுக்குள் இறங்கிய கதை இது. ஐந்து ஏக்கர்க்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

கொல்லன் பட்டறையில் பிறந்த கம்பெனி

ஜான் டியர் என்பவர் ஒரு கொல்லர். பிழைப்புத் தேடி 1836-ல் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து இல்லினாய் மாநிலத்துக்குக் குடிபோனார். அந்தப் பக்கத்து மண் பிசுபிசுப்பான கரிய மண். வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் உழுததும் நிறுத்திச் சுரண்டியாக வேண்டும். 1837-ல் உடைந்த ரம்பத்தின் எஃகுத் தகட்டைக்கொண்டு, மண் ஒட்டாமல் வழுக்கிவிடும் கலப்பை ஒன்றை அவர் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் டியர் அண்டு கம்பெனி. பச்சை உடலும் மஞ்சள் சக்கரமும் கொண்ட அதன் டிராக்டர்கள் இந்தியாவிலும் ஓடுகின்றன. புனே அருகே அதற்குத் தொழிற்சாலை உண்டு.

விவசாயியின் சங்கடத்தைப் பார்த்து, கையில் கிடைத்த இரும்பைக்கொண்டு அதைத் தீர்த்த ஒருவரின் பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய கம்பெனிதான் பின்னாளில், விவசாயி தன் டிராக்டரைத் திறந்து பார்ப்பதற்கே தடை போடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாயிற்று. வேறு கம்பெனிகளும் இந்த வழியில் போகாமல் இல்லை. என்றாலும் இது பெரிய கம்பெனி. இதைப் பற்றிய விவரங்கள் அரசு ஆவணங்களிலும் வழக்கு மனுக்களிலும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பூட்டு எங்கே இருக்கிறது?

பழைய டிராக்டரில் கோளாறு என்றால் காதும் கையும் போதும். புகை கருத்தால் ஒரு காரணம், டீசல் லைனில் காற்றுப் பிடித்தால் ஒரு காரணம். நாசிலைக் கழற்றலாம், கிளட்ச் பிளேட்டை மாற்றலாம். உள்ளூர் மெக்கானிக்கும் லேத் பட்டறையும் இருந்தால் அன்று மாலையே வண்டி வயலில் இறங்கிவிடும்.

புதிய பெரிய டிராக்டர்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் எஞ்சினை நடத்துவது கம்ப்யூட்டர். சூடு, அழுத்தம், புகை எல்லாவற்றையும் அளந்து சொல்ல ஆங்காங்கே சென்சார் என்ற சிறு கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானாலும் திரையில் ஓர் எண் தோன்றும். கோளாறைப் பொறுத்து எஞ்சினின் சக்தி தானாகக் குறைந்துவிடும். வண்டி ஊர்ந்துதான் போகும், அல்லது நின்றே விடும். இரும்பில் குற்றம் ஏதும் இராது. ஆனாலும் வண்டி நகராது.

அந்த எண்ணின் முழு விவரத்தை அறியவும், புதிதாக மாட்டிய கம்ப்யூட்டர் பாகத்தை டிராக்டர் ஏற்றுக்கொள்ளும்படி செய்யவும் ஒரு மென்பொருள் வேண்டும். மென்பொருள் என்பது கம்ப்யூட்டருக்கு இன்னது செய் என்று சொல்லும் கட்டளைத் தொகுதி. அதன் முழு வடிவம் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலர்களிடம் மட்டுமே இருந்தது. விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைத்தது குறைபட்ட வடிவம்தான் என்பதே புகார். விவசாயி தானே பாகத்தை வாங்கி, தானே மாட்டினாலும், டீலரின் ஆள் லேப்டாப்புடன் வந்து "சரி" என்று அழுத்தும் வரை காத்திருக்க வேண்டும். அறுவடை நேரத்தில் மேகம் திரண்டு நிற்கும்போது இரண்டு நாள் காத்திருப்பு என்றால் என்ன பொருள் என்பதை எந்த நாட்டு விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நெருக்கடி எதில் கொண்டுபோய் விட்டது என்றால், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களின் விவசாயிகள் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளை இணையத்தின் மூலம் உக்ரைனிலிருந்து திருட்டுத்தனமாக வாங்குகிறார்கள் என்று 2017-ல் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. சொந்த வண்டியைச் சரிசெய்யக் கள்ளச் சந்தைக்குப் போகும் நிலை நேர்மையான குடியானவனுக்கு வந்தது.

விற்பனையா, அனுமதிச் சீட்டா?

அமெரிக்காவில் 1998-ல் ஒரு பதிப்புரிமைச் சட்டம் வந்தது. சினிமாவும் பாட்டும் கம்ப்யூட்டர் வழியே திருடு போகாமல் தடுப்பதற்காக, டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதே குற்றம் என்று அது சொன்னது. பாட்டுக்குப் போட்ட சட்டம் பிறகு டிராக்டருக்கும் வந்து சேர்ந்தது. டிராக்டரிலும் மென்பொருள் இருக்கிறதல்லவா?

பழுது பார்ப்பதற்காக இந்தப் பூட்டைத் திறக்க வண்டியின் சொந்தக்காரரை அனுமதிக்கலாமா என்று 2015-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கருத்துக் கேட்டது. டியர் கம்பெனி எழுதிக் கொடுத்த பதில் பலரையும் திடுக்கிட வைத்தது. வண்டியை வாங்கியவருக்கு, அந்த வண்டியின் ஆயுள் வரை அதை ஓட்டுவதற்கான உரிமம் கிடைத்ததாகக் கொள்ளலாம். உள்ளே இருக்கும் மென்பொருள் அவருக்குச் சொந்தமல்ல என்பதே அதன் சாரம். பணம் வாங்கும்போது அது விற்பனை. பழுது பார்க்கக் கேட்கும்போது அது வெறும் அனுமதிச் சீட்டு.

அதே ஆண்டு அக்டோபரில் அலுவலகம் விவசாயிகளுக்குச் சாதகமாக விலக்கு அளித்தது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விலக்கிலும் ஓட்டை இருந்தது. சொந்தக்காரர் பூட்டைத் திறக்கலாம். திறக்கும் கருவியைப் பிறர் செய்து விற்க மட்டும் அனுமதி இல்லை. கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள், வாளியும் கயிறும் விற்கக்கூடாது என்பது போன்ற சலுகை இது. 2016 அக்டோபரில் கம்பெனி ஓர் உரிம ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. வண்டியின் மென்பொருளில் கை வைப்பதற்குத் தடையும், மென்பொருள் கோளாறால் பயிர் நஷ்டம் வந்தால் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தன. அதாவது மென்பொருளின் உரிமை கம்பெனிக்கு, அதனால் வரும் நஷ்டம் விவசாயிக்கு.

வாக்குறுதி என்ற விதை

சட்டம் வரும் என்று தெரிந்ததும் தொழில்துறை வாக்குறுதி கொடுக்கத் தொடங்கியது. 2021 ஜனவரி 1 முதல் பழுது பார்க்கும் கருவிகளும் கையேடுகளும் விவசாயிகளுக்குக் கிடைக்கும் என்று இயந்திர உற்பத்தியாளர்கள், டீலர்கள் சங்கங்கள் 2018-ல் அறிவித்தன. சட்டம் எதற்கு, நாங்களே கொடுக்கிறோம் என்ற பேச்சு. கெடு முடிந்த சில வாரங்களில் பி.ஐ.ஆர்.ஜி. என்ற பொதுநல அமைப்பு டீலர்களிடம் விசாரித்துப் பார்த்தது. சொன்னபடி கருவிகள் கிடைக்கவில்லை என்று அறிக்கை வெளியிட்டது.

2023 ஜனவரியில் இன்னொரு வாக்குறுதி. டியர் கம்பெனியும் அமெரிக்கப் பண்ணைச் சங்கமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பழுது பார்க்கும் வசதிகளை நியாயமான விலையில் தருவதாகக் கம்பெனி சொன்னது. அதற்கு ஈடாக, பழுது பார்க்கும் உரிமைச் சட்டங்களை ஆதரிப்பதைத் தவிர்க்கும்படி தமது மாநிலக் கிளைகளை ஊக்குவிப்பதாகச் சங்கம் ஒப்புக்கொண்டது. உண்மையாகவே கொடுக்கப் போகிறவர்கள் அதையே சட்டமாக எழுதினால் ஏன் பயப்பட வேண்டும்? வாக்குறுதியை மீறினால் தண்டனை இல்லை, சட்டத்தை மீறினால் உண்டு, வித்தியாசம் இவ்வளவுதான்.

கொலராடோ மாநிலம் வாக்குறுதியை நம்பிக் காத்திருக்கவில்லை. 2023 ஏப்ரலில் விவசாய இயந்திரங்களுக்கான பழுது பார்க்கும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. விவசாய இயந்திரங்களுக்கென இத்தகைய சட்டம் செய்த முதல் மாநிலம் அதுதான். 2025 ஜனவரி 15-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களுடன் சேர்ந்து டியர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. பழுது பார்க்கும் தொழிலைத் தனது டீலர்களுக்கு மட்டும் ஏகபோகமாக்கியது என்பது குற்றச்சாட்டு. பின்னர் மேலும் மூன்று மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. வாடிக்கையாளரின் பழுது பார்க்கும் உரிமையைத் தான் ஆதரிப்பதாகவே சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் விவசாயிகளுக்கென ஒரு புதிய மென்பொருளையும் வெளியிட்டது. அதற்கும் ஆண்டுச் சந்தா உண்டு.

சாக்குகளும் உண்மையும்

கம்பெனிகளின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. புகைக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைச் சிலர் கழற்றி எறிந்துவிடுவார்கள், எஞ்சின் சக்தியை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவார்கள், விபத்து நேரும் என்று அவர்கள் சொல்வது வெறும் கற்பனை அல்ல. அப்படிச் செய்பவர்களும் உண்டு.

ஆனால் பழுது பார்ப்பது வேறு, திருகுதாளம் செய்வது வேறு. காற்றைக் காக்கும் சட்டம் விவசாயி தன் வண்டியைச் சரிசெய்வதைத் தடுக்கவில்லை என்று, அந்தச் சட்டத்தை அமல் செய்யும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமே 2023 ஆகஸ்டில் விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாக்கியது. சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பூட்டியவர்களுக்குச் சட்டத்தின் காவலர்களே சொன்ன பதில் இது. அரிவாளால் குற்றம் செய்பவனும் உண்டு என்பதற்காகக் கதிர் அறுப்பவன் அரிவாளைப் பிடுங்குவதில்லை.

திருட்டைத் தடுக்கப் பூட்டு வேண்டும் என்ற வாதமும் உண்டு. அதற்கு ஒரு பெரிய உதாரணமும் கிடைத்தது. 2022-ல் ரஷ்யப் படைகள் பிடித்துக்கொண்ட உக்ரைன் நகரமான மெலிடோபோலில், ஒரு டீலரிடமிருந்து சுமார் 50 லட்சம் டாலர் பெறுமான டியர் இயந்திரங்கள் கொள்ளை போயின. செச்னியா வரை கொண்டு சென்ற பிறகு பார்த்தால் அவை ஓடவில்லை, தொலைவிலிருந்தே பூட்டப்பட்டுவிட்டன. திருடர்கள் ஏமாந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தச் செய்தியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் திருடன் கையிலிருக்கும் இயந்திரத்தை நிறுத்த முடியும் என்றால், சொந்தக்காரர் கையிலிருக்கும் இயந்திரத்தையும் நிறுத்த முடியும். பூட்டு இருக்கலாம், சாவி சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

வாங்கும்போது பொதுச் சொத்து, கொடுக்கும்போது தனிச் சொத்து

இரட்டை வேடம் முழுதாக வெளிப்படும் இடம் இன்னொன்று உண்டு. உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர் வல்லுநர்கள் பலர் தாம் எழுதிய மென்பொருளைப் பொதுவில் விட்டிருக்கிறார்கள். லினக்ஸ் என்பது அவற்றில் புகழ்பெற்றது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்; ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அதைச் சேர்த்து ஒரு பொருளை விற்றால், வாங்கியவருக்கும் அந்த மென்பொருளின் மூல எழுத்தைக் கொடுக்க வேண்டும். அவரும் அதைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை பெற வேண்டும். விதை நெல் வாங்கிப் போனவர் அறுவடையில் மற்றவருக்கும் விதை கொடுக்கும் பழைய கிராமத்து முறை போன்றது இது.

டியர் கம்பெனி இத்தகைய பொது மென்பொருளைத் தன் இயந்திரங்களில் பயன்படுத்திக்கொண்டு, அந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று 2023 மார்ச்சில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. இந்தக் குற்றச்சாட்டு சரியானால், பதிப்புரிமை என்று சொல்லி விவசாயியைத் தடுத்த கம்பெனி, பிறர் பதிப்புரிமையின் நிபந்தனையை மதிக்கவில்லை என்றாகிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று இதைத்தான் சொன்னார்கள்.

இங்கே என்ன கவலை?

இது அமெரிக்காவில் ஆயிரம் ஏக்கர் பண்ணைக்காரர்களின் வழக்கு, இங்குள்ள சிறு விவசாயிக்கு என்ன என்று எண்ணிவிடலாகாது. இந்தியாவில் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. அதை நிறைவேற்ற, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் எஞ்சின்கள் வந்திருக்கின்றன. சிறு விவசாயிகளிடம் இருப்பவை பெரும்பாலும் அதற்குக் குறைந்த சக்தி கொண்ட வண்டிகளே. ஆனால் சிறு விவசாயி உழவுக்கும் அறுவடைக்கும் வாடகை இயந்திரத்தை நம்பியிருக்கிறார். அது வயலில் நின்றுவிட்டால், சாய்ந்த நெல் முளைவிடுவது அவர் வயலில்தான். சர்வீஸ் செலவு கூடினால், மணி வாடகையில் ஏறுவதும் அவர் தலையில்தான்.

இங்கே ஓரளவு விழிப்பும் இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம், ஆனால் குழுவும் இணையதளமும் சட்டம் ஆகிவிடாது. விதை விஷயத்தில் இந்தியா முன்னமே ஒரு வழி காட்டியிருக்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ல் நிறைவேறியது. விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பிறருடன் பகிரவும், முத்திரையிட்ட விதை என்ற பெயரில் அல்லாமல் விற்கவும் அதில் உரிமை உண்டு. விதைக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை இயந்திரத்துக்கு மறுக்கக் காரணம் இல்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கம்பெனியின் ஒழுக்கத்தை அதன் விளம்பரத்தில் தேடிப் பயனில்லை. விளம்பரத்தில் எல்லாக் கம்பெனியும் உழவனை வணங்குகிறது. இயந்திரம் வாங்குவோரும், கூட்டாகச் சேர்ந்து வாங்கும் உழவர் குழுக்களும், வாடகை மையம் நடத்துவோரும் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

1. திரையில் கோளாறு எண் வந்தால் அதன் பொருளை விவசாயியே அறிய முடியுமா? அந்தப் பட்டியல் தமிழில் உண்டா?

2. எந்தெந்தப் பாகங்களை வெளி மெக்கானிக் மாற்றலாம்? எதை மாற்றினால் டீலரின் கம்ப்யூட்டர் வர வேண்டும்?

3. வெளியில் பழுது பார்த்தால் உத்தரவாதம் முழுவதும் போய்விடுமா, அந்தப் பாகத்துக்கு மட்டும் போகுமா?

4. வண்டியைத் தொலைவிலிருந்து நிறுத்தும் வசதி உண்டா? உண்டு என்றால் யார், எந்தக் காரணத்துக்காக நிறுத்தலாம்? கடன் தவணை தவறினாலும் நிறுத்துவார்களா?

5. வண்டி எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்ற விவரம் கம்பெனிக்குப் போகிறதா? அது யாருக்குச் சொந்தம்?

6. சர்வீஸ் கையேடும் உதிரிப் பாகங்களும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்?

ஒருவர் கேட்டால் டீலர் மழுப்பலாம். பத்துப் பேர் கேட்டால் மேலிடத்துக்கு எழுதுவார். பதில் சொல்ல மறுக்கும் கம்பெனியை விட்டு, பதில் சொல்லும் கம்பெனிக்குப் போவதும் வாங்குபவரின் பலம்தான். உழவர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும், கருவிகளுக்கு மானியம் தரும் அரசும் இந்தக் கேள்விகளைத் தமது நிபந்தனைகளாகவே வைக்கலாம். பழுது பார்க்க விடாத இயந்திரத்துக்கு மக்கள் பணத்தில் மானியம் எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

நவீன இயந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. புகை குறைவதும், டீசல் மிச்சமாவதும், வேலை விரைவதும் நல்லவையே. அந்த நன்மைகளுக்கு விலையாக ஸ்பானரைக் கீழே வைக்கச் சொல்வதுதான் தவறு. அமெரிக்க விவசாயிகள் பூட்டு விழுந்த பிறகு விழித்துக்கொண்டார்கள். பத்தாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. இங்கே பூட்டு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. டீலரின் கடையில், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சாவியைக் கேட்டு வாங்கிவிட்டால் அந்தப் பத்தாண்டுகள் மிச்சம்.